பின்கதவைப் பூட்டிய பெப்

பெப் கோய்மான் எங்கள் வென்டர்லோ கிராமத்துக்குக் குடிவந்தது எண்பத்தேழாம் வருடம், அக்டோபர் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. வந்த அன்றே பின்கதவைப் பூட்டினாள். அதோடு விட்டாளா என்றால் இல்லை. தாழ்ப்பாளும் போட்டு, கைப்பிடிக்குக் கீழே ஒரு நாற்காலியையும் முட்டுக்கொடுத்து வைத்தாள். ஊர் அவளைப் பற்றி ஒரு குளிர்காலம் முழுக்கப் பேசுவதற்கு இது போதுமானதாக இருந்தது.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. ராட்டர்டாமில் நாலாவது மாடியில் முப்பது வருடம் இருந்தவள். அங்கே ஒருமுறை திருடன் புகுந்து, ரேடியோவையும் அவள் அப்பாவின் கைக்கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு, போகிற போக்கில் அடுப்பு மேல் இருந்த சூப்பையும் குடித்துவிட்டுப் போயிருந்தான். சட்டியைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்திருந்தான். ரேடியோ போனதை அவள் ஒரு வாரத்தில் மறந்துவிட்டாள். அந்தச் சூப்பைத்தான் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து எங்கே போனாலும் மூன்று பூட்டு.

வேலை, டிராம் ஓட்டுவது. முப்பத்தோரு வருடம் தண்டவாளம் திரும்பிய இடத்தில் திரும்பி, அது நிற்கச் சொன்ன இடத்தில் நின்றாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்ட ஒரே ஆளுக்கு யோசித்துப் பதில் சொல்வதற்குள் அவன் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்துவிட்டது என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். ஒரு கோடை விடுமுறையில் சைக்கிளில் இந்தப் பக்கம் வந்தபோது, பேரிக்காய் மரத்தோடு ஒரு சின்ன வீடு விலைக்கு இருப்பதைப் பார்த்தாள். ஐம்பத்தேழு வயதில் ஓய்வு கொடுத்தார்கள். வீட்டை வாங்கினாள். தங்கை ட்ரூஸ் தலையில் அடித்துக்கொண்டாள்.

எங்கள் ஊரில் முன்கதவுக்கு இரண்டே வேலை. கல்யாணத்தன்று மணப்பெண் அதன் வழியாக உள்ளே வருவாள். கடைசியில் பெட்டியில் படுத்து அதன் வழியாக வெளியே போவாள். இடையில் நாற்பதோ ஐம்பதோ வருடம் எல்லோருக்கும் பின்கதவுதான். தட்டுவதெல்லாம் கிடையாது. ‘மோய்’ என்று ஒரு குரல் கொடுத்துக்கொண்டே வந்து சமையலறை மேசையில் உட்கார வேண்டியதுதான். முன்பக்க மணியை அடிக்கிறவன் சாவுச் செய்தி கொண்டுவந்தவன். பகலில் பின்கதவு பூட்டிக்கிடந்தால் அதற்கு ஒரே அர்த்தம், உங்கள் சகவாசமே வேண்டாம் என்பது. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. சொல்லிக்கொடுக்க வேண்டியபடி ஒரு வெளியாள் இங்கே குடிவந்து நூறு வருடம் ஆகியிருக்கும்.

பெப்பின் வலப்பக்கத்து வீடு டீனி வாஸிங்கினுடையது. ஆகவே டீனிதான் அவளுக்கு முதல் அயலாள். முதல் அயலாள் என்றால் சும்மா இல்லை. முதல் காபியிலிருந்து, காய்ச்சல் வந்தால் சூப் கொண்டுவருவது, கடைசியில் பெட்டி தூக்க ஆள் கூட்டுவது வரை எல்லாம் அவள் பொறுப்பு. டீனி அன்று மாலையே ஒரு முட்டைக்கோஸும் நாலு முட்டையும் பையில் போட்டுக்கொண்டு பின்பக்கமாக வந்தாள். கைப்பிடியை அழுத்தினாள். திறக்கவில்லை. வந்த களைப்பாக இருக்கும் என்று பையைக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் பெப் அந்தப் பையைப் பார்த்துக் குழம்பிப்போனாள். யாரோ வீடு மாறி மாட்டிவிட்டார்கள் என்று நினைத்து, நல்ல மனசோடு, அதைத் தெருப்பக்கக் கேட்டில் தொங்கவிட்டு ஒரு சீட்டும் குத்திவைத்தாள்: ‘இது யாருடையதோ தெரியவில்லை. தயவுசெய்து எடுத்துக்கொள்ளவும்.’

டீனி தன் கோஸைத் தானே தெருவிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் புருஷன் பெரென்ட், மாடு கறந்துவிட்டு அப்போதுதான் மேசையில் உட்கார்ந்திருந்தான்.

"என் கோஸக் கொண்டுபோய் நடுத்தெருவுல தூக்குல போட்டிருக்கா."

"முட்டை?"

"முட்டையும்தான்."

"உடையலையே?"

"உடையல."

"அப்ப ஆம்லெட் போடு."

டீனி ரோஷக்காரிதான், ஆனால் கடமை என்று ஒன்று இருக்கிறதே. கிறிஸ்துமஸுக்குள் மொத்தம் ஏழு தடவை போய்ப் பார்த்தாள். ஏழு தடவையும் பூட்டு. எட்டாவது தடவை போக அவள் கால் மறுத்துவிட்டது. தெருவில் மற்றவர்கள் டீனியைப் பார்த்துத் தாங்களும் ஒதுங்கிக்கொண்டார்கள். பெப் எதிரே வந்தால் ‘மோய்’ சொல்வார்கள், அதோடு சரி.

இந்தப் பக்கம் பெப் என்ன செய்துகொண்டிருந்தாள் என்றால், தினமும் மதியம் முன்னறையில் திரையை விலக்கிவைத்து, இரண்டு கோப்பையும் ஒரு டப்பா பிஸ்கட்டும் எடுத்துவைத்து, முன்கதவு மணி அடிக்கும் என்று காத்திருந்தாள். மணி அடிக்கவில்லை. பிஸ்கட் நமத்துப்போகுமே என்று வாரக் கடைசியில் தானே தின்றாள். திங்கட்கிழமை புது டப்பா வாங்கினாள். மூன்று மாதத்தில் நாலு கிலோ ஏறிவிட்டது.

ஜனவரியில் ட்ரூஸ் போன் செய்தாள்.

"அக்கா, இதுவரைக்கும் எத்தன பேரு உன் வீட்டுக்கு வந்தாங்க?"

"தபால்காரர்."

"உள்ள வந்தாரா?"

"கை மட்டும் வந்துச்சு. கதவுல தபால் போடற ஓட்டை வழியா."

"எங்க வீட்டு மாடி ரூமை ஈஸ்டர் வரைக்கும் யாருக்கும் விடாம வெச்சிருக்கேன்" என்றாள் ட்ரூஸ். "ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழம, மத்தியானம் பன்னெண்டு மணிக்கு நானும் எங்க வீட்டுக்காரர் ஆரியும் வேன் எடுத்துட்டு வர்றோம். சாமானை ஏத்திக்கிட்டு வந்துடு. என்னா சொல்ற?"

பெப் ஜன்னல் வழியாகப் பேரிக்காய் மரத்தைப் பார்த்தாள். ஒரு இலைகூட இல்லை. "சரிடி" என்றாள்.

"ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. நீயா யாரு வீட்டு மணியையாச்சும் அடிச்சியா? இல்ல, டிராம்ல உக்காந்திருந்த மாதிரி, வேணுங்கறவங்க வந்து ஏறட்டும்னு உக்காந்திருக்கியா?"

போனை வைத்துவிட்டுப் பெப் அழுதாள். ஊர் பிடிக்காமல் அழவில்லை. பிடித்துப்போய்விட்டதே என்றுதான் அழுதாள். அந்த மரம் பூப்பதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று இருந்தது அவளுக்கு.

தங்கை கேட்டது மட்டும் மண்டையில் தங்கிவிட்டது. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மதியம், ஆப்பிள் கேக் ஒன்று செய்து, தன்னிடம் இருந்ததிலேயே நல்ல உடுப்பை உடுத்திக்கொண்டாள். டிராம் கம்பெனி கொடுத்த கருநீல நீளக் கோட்டும் தொப்பியும். அந்தக் கோலத்தில் வாஸிங்க் வீட்டு முன்கதவுக்குப் போய் நிமிர்ந்து நின்று மணியை அடித்தாள்.

அந்த மணி பெரென்டின் அம்மா செத்த பிறகு ஒன்பது வருடமாக அடிக்கவில்லை.

உள்ளே ஒரு நாற்காலி விழுந்தது. "பெரென்ட்!" என்று ஒரு குரல். "சட்டைய மாத்து. கருப்புக் கோட்டு எங்க?" பிறகு கனமான எதையோ இழுக்கும் சத்தம். கதவு ஒரு தடவை குலுங்கியது, இன்னொரு தடவை குலுங்கியது, ஆனால் திறக்கவில்லை. என்ன மரியாதையான ஜனங்கள், ஒரு விருந்தாளிக்கு இவ்வளவு ஏற்பாடா என்று பெப்புக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது. கடைசியில் வீட்டைச் சுற்றிக்கொண்டு பெரென்ட் வந்தான். மாட்டுக்கொட்டகை உடுப்பின் மேல் கருப்புக் கோட்டு, கையில் தொப்பி. பின்னால் டீனி. அவள் கண் அதற்குள் சிவந்துவிட்டிருந்தது. வந்தவள் பெப்பின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"யாரு? எங்க அண்ணனா? சொல்லிடுங்க. நான் தாங்கிக்குவேன்."

பெப்புக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "ஆப்பிள் கேக்" என்றாள்.

கொட்டகையில் ஒரு மாடு கத்தியது.

"ஆப்பிள் கேக் செத்துப்போச்சா?" என்று பெரென்ட் கேட்டான்.

டீனிக்கு வந்ததே கோபம். பெப்பின் கையை உதறினாள். "ஆப்பிள் கேக்குக்கா முன்மணிய அடிச்சீங்க? எனக்கு உசிரே போயிடுச்சு. அண்ணனுக்கு எந்தப் பாட்டு பாடறதுன்னு வரைக்கும் யோசிச்சிட்டேன். ஏழு தடவ உங்க வீட்டுக்கு வந்திருக்கேன், ஏழு தடவையும் பூட்டி வெச்சீங்க. இப்ப வந்து இப்படி அடிக்கிறீங்க."

"நீங்க வந்தீங்களா? எப்ப?"

"எப்பவா? நீங்க வந்த அன்னைக்கே வந்தேன். கோஸும் முட்டையும் கொண்டுகிட்டு."

பெப்பின் முகம் சுண்டிப்போனது. "அந்தக் கோஸு உங்களுதா?"

"பின்ன, கோஸு தானாவா வந்து தொங்குச்சு?"

"நான் தெனமும் காத்துக்கிட்டிருந்தேங்க. கோப்பையெல்லாம் எடுத்து வெச்சு, முன்னறையில. இந்த மணி அடிக்காதான்னு."

பெரென்ட் தொப்பியைத் திரும்பத் தலையில் வைத்தான். "அப்ப ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்கு ஆளுக்கொரு பக்கம் காவல் இருந்திருக்கீங்க" என்றான். "கேக் ஆறுது. உள்ள வாங்க. பின்பக்கமா."

பெரென்ட் பெரிய துண்டாக மூன்று வெட்டினான். டீனி கடைசித் துணுக்குவரை சாப்பிட்டுவிட்டு, "மோசமில்ல" என்றாள். பெப்புக்கு மறுபடி முகம் வாடிவிட்டது. பெரென்ட் அவள் பக்கம் குனிந்து, "எங்க கல்யாணத்தன்னைக்கு நைட்டு என்னைப் பாத்தும் இதேதான் சொன்னா. முப்பத்தாறு வருஷமா அதுக்கு மேல ஒண்ணும் வரல" என்றான். "வாய மூடுங்க" என்றாள் டீனி, ஆனால் கோபம் இறங்கியிருந்தது. பெப் கிளம்பும்போது அவளும் எழுந்து நின்றாள்.

"திங்கக்கிழம பத்து மணிக்கு வருவேன். ஏழு தடவ ஆச்சு. எட்டாவது தடவையும் பூட்டியிருந்தா ஒன்பதாவது கெடையாது."

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குப் பெப் நாற்காலியை எடுத்தாள். ஒன்பதே முக்காலுக்குத் தாழ்ப்பாளை விலக்கினாள். பூட்டில் சாவி இருந்தது. கை அதன் மேல் போய் நின்றுகொண்டது. யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்றால் யார் வேண்டுமானாலும்தானே. கவிழ்த்துவைத்த அந்தச் சட்டி கண் முன்னால் வந்தது. பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தோட்டத்துச் சரளைக்கல்லில் டீனியின் மரச்செருப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவளுக்கு வேறு ஒன்று ஞாபகம் வந்தது. முப்பத்தோரு வருடம், நாளைக்கு இருநூறு தடவை, அவள் கதவைத் திறந்திருக்கிறாள். குடிகாரன் ஏறியிருக்கிறான், பாதிரியார் ஏறியிருக்கிறார், ஒரு தடவை ஒருவன் மெத்தையைச் சுருட்டிக்கொண்டு ஏறினான். யார் நீ என்று ஒருவனையும் கேட்டதில்லை. ஆள் நிற்கிறது தெரிந்தால் கதவைத் திற, அவ்வளவுதான் தொழில். பெப் சாவியைத் திருப்பினாள். "ஏறலாம்" என்று அவள் வாய் தன்னால் சொன்னது.

"என்னது?" என்றபடி டீனி உள்ளே வந்தாள்.

"ஒண்ணுமில்ல. காபி ரெடி."

அதற்குப் பிறகு நடந்ததைப் பெப் எதிர்பார்க்கவில்லை. பத்து மணிக்கு டீனி. அவள் பின்னாலேயே பெரென்ட். அவனைப் பார்த்து எதிர்வீட்டு ஹார்ம். ஊர் மினி பஸ்ஸைச் சம்பளம் வாங்காமல் ஓட்டுகிற முட்டிவலிக்காரர் அவர். ஒருநாள் அவள் மாடியில் குளித்துக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து பெரென்டின் குரல் வந்தது. "ஏணி எங்க?" "கொட்டாய்ல" என்று தொட்டியிலிருந்தே கத்தினாள். அவன் எதற்கு ஏணி கேட்டான் என்று வெளியே வந்து பார்த்தால் அவளுடைய பேரிக்காய் மரத்தைக் கிளை கழித்துக்கொண்டிருந்தான். மார்ச்சில் இன்னொரு நாள் கடைக்குப் போய்விட்டு வருவதற்குள் அவளுடைய முன்கதவுக்குள் இருக்கும் நடை முழுக்கப் பெட்டி பெட்டியாக விதை உருளைக்கிழங்கு. முளைவிட இருட்டும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் ஒரு இடம் வேண்டுமாம், தெருவிலேயே அவள் வீட்டு நடைதான் அதற்குத் தோதாம்.

"என்னக் கேக்கவே இல்லையே" என்றாள் பெப்.

"நீதான் வீட்டுல இல்லையே" என்றான் பெரென்ட். எந்த நாளிலிருந்து ‘நீங்க’ போய் ‘நீ’ ஆனது என்று அவளுக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியாது.

மார்ச் கடைசியில் ஹார்ம் விஷயத்துக்கு வந்தார். ஈஸ்டர் முடிந்ததும் முட்டிக்கு ஆபரேஷன். பஸ்ஸை எடுக்க ஆள் வேண்டும். "டிராம் ஓட்டின ஆளு இருக்கறப்ப நாங்க ஏன் வெளிய தேடணும்?"

"டிராம்ல ஸ்டீரிங்கே கெடையாதே. வளைவு வந்தா என்ன பண்ணுவா?" என்றான் பெரென்ட்.

"லைசென்ஸ் இருக்கு" என்றாள் பெப். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டே, "ஈஸ்டருக்கு அப்பறம் சொல்றேன்" என்றாள்.

வேன் வரப்போகிறது என்பதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. வரவேண்டாம் என்று ட்ரூஸிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை இரண்டு தடவை போனை எடுத்து, இரண்டு தடவையும் வைத்துவிட்டாள். இருக்கிற ஒரே சொந்தம் தங்கைதான். அந்த அறையை அவளுக்காக வாடகைக்கு விடாமல் வைத்திருக்கிறாள். இந்தப் பக்கம் இவர்கள் வந்து காபி குடிக்கிறார்கள், சரி. கடமைக்கு வருகிறார்களா, மனசாரத்தான் வருகிறார்களா? எங்கள் ஊர்க்காரர்கள் முகத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிப்பது லேசு இல்லை, நானே தடுமாறியிருக்கிறேன்.

சனிக்கிழமை வந்தது. மரம் அப்போதுதான் மொட்டு விட்டிருந்தது. பத்து மணிக்கு மூன்று பேரும் வழக்கம்போல வந்து உட்கார்ந்தார்கள். பன்னிரண்டுக்குள் எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று பெப் காபியை ஊற்றிக்கொண்டே வார்த்தை தேடினாள். பத்தேகாலுக்கு முன்கதவு மணி அடித்தது.

ஹார்ம் கோப்பையை வைத்துவிட்டார். பெரென்ட் தொப்பியைக் கழற்றினான். டீனி எழுந்து ஏப்ரனை அவிழ்த்தாள். பெப்புக்குக் கெட்டில் கையிலேயே நின்றுவிட்டது.

"முன்மணி" என்றாள். "யாருக்கு என்ன ஆச்சு?" வேன் என்ற ஒன்று அவள் நினைவிலேயே இல்லை.

"நட, நானும் வர்றேன்" என்றாள் டீனி. பெப்பின் கையைப் பிடித்துக்கொண்டாள். "முதல் அயலாள் நான் இருக்கறப்ப நீ தனியா முன்கதவுக்குப் போகக் கூடாது. எதுவா இருந்தாலும் சேந்து கேட்டுக்கலாம்."

டீனியின் பிடியில் பெப்பின் விரல்கள் வலித்தன. கடமைக்காக வருகிறவள் இப்படிப் பிடிக்க மாட்டாள் என்று பெப்புக்குத் தெரிந்துவிட்டது.

இருவரும் உருளைக்கிழங்குப் பெட்டிகளுக்கு நடுவே ஒருக்களித்துப் போனார்கள். கதவை நெருங்க முடியவில்லை, மூன்று அடுக்காகப் பெட்டி. அப்போது தபால் ஓட்டையின் மூடி தூக்கிக்கொண்டது.

"அக்கா? நான்தான். ரோடு காலியா இருந்துச்சு, சீக்கிரமே வந்துட்டோம். வேன் வெளிய நிக்குது. கதவத் திற."

டீனி பெப்பைப் பார்த்தாள். "வேனா? எதுக்கு வேன்?"

"என்னக் கூட்டிட்டுப் போக. சாமானோட." பெப்புக்குக் குரல் சரியாக வரவில்லை. "ஜனவரியில சொன்னது. நீ வர்றதுக்கு முன்னாடி."

டீனி கையை எடுக்கவில்லை. உதடு மட்டும் ஒரு கோடாக இறுகிப்போனது.

பெப் பெட்டிகளின் மேல் முழங்காலூன்றிக் குனிந்து ஓட்டையருகே வாயைக் கொண்டுபோனாள். வெளியே ட்ரூஸின் கோட்டுப் பொத்தான் இரண்டு தெரிந்தது.

"ட்ரூஸ், பின்பக்கமா வா."

"எதுக்கு சுத்திக்கிட்டு? இதுவும் கதவுதானே. திற."

"இதத் திறக்க முடியாதுடி."

"ஏன், சாவி தொலஞ்சுபோச்சா?"

"சாவி இருக்கு. இந்தக் கதவு வழியா நான் ஒரு தடவதான் வெளிய போவேன், அதுவும் பெட்டியில படுத்துக்கிட்டு. இன்னைக்கு இல்ல. நீ பின்பக்கமா வா, காபி இருக்கு."

பொத்தான் இரண்டும் கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு மறைந்தன. பெப் நிமிர்ந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டாள். டீனி மூக்கை உறிஞ்சினாள், அவிழ்த்த ஏப்ரனை மறுபடி கட்ட ஆரம்பித்தாள்.

"அந்தப் பெட்டிய நாங்கதான் தூக்கணும்" என்றாள். "பிஸ்கட்டக் கொறச்சுக்க."

அவர்கள் சமையலறைக்குத் திரும்பியபோது பெரென்ட் ஜன்னல் வழியாக எட்டி அந்த வேனைப் பார்த்து, காலியாகத்தான் வந்திருக்கிறது, நாளைய ஈஸ்டர் சொக்கப்பனைக்கு நாலு நடை விறகு அடிக்கலாம் என்று ஹார்மிடம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். பின்கதவில் ‘டொக் டொக்’ என்று சத்தம் கேட்டது. நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யாரது, கதவப் போட்டுத் தட்டறது?" என்றாள் பெப்.